நோயாளியின் அறைக்குச் சந்தன நிறமா, பால்வெண்மையா?

கல்லீரல் நோய்க்குச் சிகிச்சை பெற்ற முதியவர் ஒருவர் வீடு திரும்பும் நாள் நெருங்கியபோது, அவருடைய மகள் இரண்டு வண்ண அட்டைகளை எங்களிடம் காட்டினார். ஒன்று சந்தன நிறம், மற்றொன்று பால்வெண்மை. “அப்பாவுக்குச் சந்தன நிறம்தான் பிடிக்கும். அவர் அறைக்கு அதையே அடித்துவிடலாமா?” என்று கேட்டார்.

நாங்கள் பால்வெண்மையையே பரிந்துரைத்தோம். அழகு கருதி அன்று. சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி, சுவரின் நிறத்தைச் சிறிது ஏந்தியே படுக்கையில் இருப்பவர்மீது விழுகிறது. மஞ்சள் சாயல் கொண்ட சுவர்களுக்கு நடுவே நலமாக இருப்பவரின் முகமும் மஞ்சளாகத் தோன்றலாம். மெய்யாகவே காமாலை தலைகாட்டும்போது, அதைச் சுவரின் சாயல் என்று விட்டுவிடவும் கூடும். கண்ணின் வெண்பகுதி மஞ்சளிக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டிய வீட்டில் இது சிறிய செய்தி அன்று. பச்சிளங்குழந்தை உறங்கும் அறைக்கும் இது பொருந்தும். சுவர் எந்நிறமாயினும், சன்னலருகே பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே நன்று. மஞ்சள் ஒளி தரும் இரவு விளக்கை நம்ப வேண்டாம்.

அப்படியானால் அறுவை அரங்கில் பச்சை எதற்கு என்று சிலர் வினவுவர். குருதியின் செந்நிறத்தையே நெடுநேரம் நோக்கும் மருத்துவரின் கண்களுக்கு ஓய்வு தருவதற்காக வந்த நிறம் அது.

பால்வெண்மைக்கும் குறைகள் உண்டு. பளபளப்பான வகையை அடித்தால், கண்புரை உள்ளவர்களுக்குக் கூச்சம் மிகும். ஆகவே பளபளப்பற்ற, ஆனால் ஈரத்துணியால் துடைக்கக்கூடிய எமல்ஷனைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்சுப் பலகை பார்வை மங்கியவர்களுக்குப் புலப்படாது. அதைச் சுற்றி அடர்நிறத்தில் ஒரு பட்டை தீட்டலாம். கழிவறைக் கதவும் அடர்நிறத்தில் இருந்தால், நள்ளிரவில் எழுபவர் தடுமாறமாட்டார்.

வண்ணம் பூசும் வேலையை நோயாளி வருவதற்குச் சில நாள்கள் முன்பே முடித்து, சன்னல்களைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் நெடி முற்றிலும் அகலும்வரை அவ்வறையில் உறங்கக் கூடாது. பழைய வண்ணத்தைச் சுரண்டும்போது எழும் தூசியில் ஈயம் கலந்திருக்கக்கூடும். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்பால் அனுப்பிவிடுங்கள்.

அந்த மகள் பால்வெண்மையையே தேர்ந்தார். தந்தை மாலையில் அமரும் திண்ணையின் சுவருக்கு மட்டும் சந்தன நிறம் பூசினாராம்.