திரையில் ஓர் ஊர்ப்பெயர்

மட்டாஞ்சேரி என்னும் ஊர்ப்பெயரைத் தாளில் எழுதுவோர் ஆறு எழுத்துகளை எழுதுவர்: ம, ட், டா, ஞ், சே, ரி. அதே பெயரைக் கணினி பதினொரு குறிகளாகச் சேமித்து வைக்கிறது. ஆறு எவ்வாறு பதினொன்றாயிற்று? பதினொன்றாகக் கிடப்பதைத் திரையில் மீண்டும் ஆறு எழுத்துகளாக நிறுத்துவது யாருடைய பணி? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவோர், இணையப்பக்கத்தின் முகப்பை உருவாக்கும் கலையின் பெரும்பகுதியை அறிந்துகொள்வர்.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் ஏலமும் விற்கும் பழைய வணிக இல்லங்களுக்கு இரு பகுதிகள் உண்டு. தெருவை நோக்கியது முகப்பு. பின்னே இருப்பது பண்டசாலை. வாங்க வருவோர் முகப்பில் நின்று பேசுவர். சரக்கு உள்ளிருந்து வரும். இணையத்தளமும் அத்தகையதே. தகவல்களைச் சேர்த்து வைத்திருக்கும் வழங்கிக் கணினி பண்டசாலை எனின், படிப்போர் காண்பதும் தொடுவதும் முகப்பு. முகப்பை அமைப்போர் மூன்று கணினி மொழிகளைக் கையாளுகின்றனர்.

அவற்றுள் முதலாவது எச்.டி.எம்.எல். இதனை வகுத்தவர் டிம் பெர்னர்ஸ் லீ. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1989இல் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். எச்.டி.எம்.எல். செய்யும் வேலையை விளங்கிக்கொள்ளத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில் சலவைக்கூடம் ஒன்று உள்ளது. பல தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர் அங்கு இன்றும் துணி வெளுக்கின்றனர். சலவைத் தொழிலில் துணியின் ஓரத்தில் சிறு குறி ஒன்று இடுவது வழக்கம். இத்துணி இன்ன வீட்டினுடையது என்பதை மட்டுமே அக்குறி சொல்லும். துணியின் நிறத்தையோ அழகையோ சொல்லாது. எச்.டி.எம்.எல். இடும் குறிகளும் அவ்வாறே, இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று உலாவிக்கு உணர்த்துவதோடு நின்றுவிடும்.

நிறம், அளவு, இடைவெளி, இடம் ஆகியவற்றை வகுப்பது சி.எஸ்.எஸ். நார்வே நாட்டவரான ஹோகன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்த இம்மொழி 1996இல் தர நெறியாயிற்று. பொத்தானைத் தொட்டால் பட்டியல் விரிவது போன்ற செயல்கள் ஜாவாஸ்கிரிப்டுக்கு உரியவை. அது 1995இல் பிறந்தது.

இனி எழுத்துகளுக்கு வருவோம். கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஆதலால் உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வழங்கும் ஒருங்குறி என்னும் முறை 1991இல் வெளியிடப்பட்டது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மலையாளத்தின் இடம் 3328 முதல் 3455 வரை. மகரத்தின் எண் 2990. ஆனால் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கப்படவில்லை. உயிர், ஆய்தம், அகரமேறிய மெய், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே எண்கள் உண்டு. ஆகவே ‘ட்’ என்பது டகரமும் புள்ளியும். ‘டா’ என்பது டகரமும் காலும். மட்டாஞ்சேரியில் மகரம் ஒன்றே தனித்து நிற்கிறது; ஏனைய ஐந்து எழுத்துகளும் இவ்விரண்டு குறிகளால் ஆனவை. பதினொன்று வந்த வழி இதுவே.

இலக்கணம் கற்றோர்க்கு இம்முறை தலைகீழாகத் தோன்றும். மெய்யோடு அகரம் சேர்ந்தால் உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழ் மரபு. ஒருங்குறியிலோ உயிர்மெய்யின் மேல் புள்ளி ஏறினால் மெய் பிறக்கிறது. இக்குறையை நீக்க எண்ணியோர், எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் ‘டேஸ் 16’ என்னும் முறையை வகுத்தனர். தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. எனினும் உலாவிகள் ஒருங்குறியையே பின்பற்றுகின்றன.

‘சே’ என்னும் எழுத்தில் மற்றொரு வியப்பு உண்டு. சேமிப்பில் சகரம் முன்னும் இரட்டைக்கொம்பு பின்னும் நிற்கும்; திரையில் இரட்டைக்கொம்பு முன்னே வரவேண்டும். இவ்விடமாற்றத்தை உலாவியும், எழுத்துருவினுள் பொதிந்துள்ள விதிகளும் சேர்ந்து நிகழ்த்துகின்றன. துணைக்குறி ஒன்று சார்ந்து நிற்க மெய்யின்றித் தனித்துவிட்டால், உலாவி அதன் அருகே புள்ளிகளாலான வட்டம் ஒன்றை வரைந்து காட்டும். அவ்வட்டத்தைக் காண்போர், அங்கே ஓர் எழுத்து விடுபட்டிருப்பதாகக் கொள்ளலாம்.

ஒருங்குறி பரவுவதற்கு முன் நிலைமை இடர் மிகுந்ததாக இருந்தது. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏற்றப்பட்டபோது, பிற மொழிகளோடு தமிழும் இடம்பெறப் பாடுபட்டவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளையும், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவையும் உருவாக்கினர். தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழ்ந்தோரே இப்பணியில் முன்நின்றனர் என்பது எண்ணத்தக்கது. ஆனால் அக்காலத்தில் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தது. ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலும் பிற குறிகளுக்குரிய இடத்திலும் தமிழ் வடிவங்களை அமர்த்தியிருந்தனர். உரிய எழுத்துருவைத் தம் கணினியில் இறக்கிக்கொள்ளாதவர்க்குப் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாகவே தெரியும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியேற்றத்திற்கும் பொதுத் தரங்கள் வகுக்கப்பட்டன. ‘திஸ்கி’ என்னும் குறியேற்றமும் வழக்கிலிருந்தது. விண்டோஸ் 2000 இயங்குதளம் ‘லதா’ என்னும் ஒருங்குறி எழுத்துருவோடு வெளிவந்த பின்னரே நிலைமை சிறிது சிறிதாக மாறிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய குறியேற்றத்தில் இருந்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டது. அவ்வாறு மாற்றப்படாத எத்தனையோ பக்கங்கள் இன்று படிப்பாரற்றுப் போயின. எழுதியவர் தமிழில்தான் எழுதினார். முகப்பு அதனைக் காக்கத் தவறியது.

இக்காலத்தில் படிப்போர் எழுத்துருவைத் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்து வரும்படி சி.எஸ்.எஸ். வழியே கட்டளையிடலாம். இந்த எழுத்துரு 2944 முதல் 3071 வரையிலான எண்களுக்கு மட்டும் உரியது என்று குறித்துவிட்டால், பக்கத்தில் தமிழ் இருந்தாலன்றி உலாவி அதனை இறக்காது. படிப்போரின் இணையச் செலவு மிச்சமாகும். எழுத்துரு வந்து சேரும்வரை பக்கம் வெறுமையாக இராமல், கைபேசியிலுள்ள வேறோர் எழுத்துருவில் உடனே தோன்றச் செய்யவும் இயலும். கூகுளின் ‘நோட்டோ’ எழுத்துருக்குடும்பத்தின் பெயருக்கும் இவ்விடத்தில் பொருள் உண்டு: எழுத்துரு இல்லாதபோது தோன்றும் வெற்றுக் கட்டங்களைத் தோஃபு என்பர், தோஃபு இனி இல்லை என்பதே நோட்டோ. கேரளத்தவர் இன்னொன்றையும் அறிந்திருத்தல் நலம். ரசனா, மீரா ஆகிய மலையாள எழுத்துருக்களை வரைந்த கே. எச். ஹுசைன், தமிழுக்கும் ‘மீரா இனிமை’ என்னும் எழுத்துருவை அளித்துள்ளார். அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

எழுத்துரு மட்டும் போதாது. ஆங்கிலப் பக்கத்திற்காக வகுத்த அளவுகளில் தமிழைப் பெய்தால் இடர்ப்பாடுகள் எழும். ‘கீ’ மேலே வளைகிறது. ‘ஞூ’ கீழே இறங்குகிறது. வரிகள் நெருங்கியிருப்பின் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் தலையும் மோதிக்கொள்ளும். எழுத்தின் அளவைப் போல் ஒன்றரை மடங்கேனும் வரிக்கு உயரம் தருதல் வேண்டும். ஆங்கிலத்தில் அழுத்தம் காட்ட எழுத்தைச் சாய்ப்பதுண்டு. தமிழ் எழுத்தைச் சாய்த்தால் அழகு கெடுகிறது. தடித்த எழுத்தே தமிழுக்குத் தக்கது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ‘சப்மிட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து செய்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காது. பொத்தானின் அகலத்தை எண்ணால் கட்டிவிடாமல், உள்ளிருக்கும் சொல்லுக்கேற்ப விரியவிடுதலே முறை. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்’ போன்ற நெடுஞ்சொல் கைபேசித் திரையின் ஓரத்தைத் தாண்டி ஓடாமல், தக்க இடத்தில் முறிந்து அடுத்த வரிக்குச் செல்லவும் சி.எஸ்.எஸ். விதிகள் உள்ளன. திரையின் அகலத்திற்கேற்பப் பக்கமே தன்னை மாற்றிக்கொள்ளும் இம்முறைக்கு 2010இல் ஈத்தன் மார்காட் பெயர் சூட்டினார்.

கண்ணுக்குப் புலப்படாத சிறு குறி ஒன்றும் உண்டு. இப்பக்கம் தமிழ் எனில் ‘டி.ஏ.’ என்றும், மலையாளம் எனில் ‘எம்.எல்.’ என்றும் எச்.டி.எம்.எல். தொடக்கத்தில் குறித்தல் வேண்டும். பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான், அக்குறியைக் கொண்டே எம்மொழியின் குரலில் படிப்பது என்று தீர்மானிக்கிறது. ஆங்கிலம் என்று தவறாகக் குறித்த பக்கத்தைத் தமிழ்க்குரல் படிக்காமலே போகலாம். சொல்லை முறிக்கும் விதிகளும் இக்குறியையே நோக்குகின்றன. எழுத ஒரு நொடி போதும். ஆயினும் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மீண்டும் ஊர்ப்பெயருக்கு வருவோம். ஒரு படிவத்தில் ஊர்ப்பெயருக்குப் பத்து எழுத்துகளே இடம் என்று முகப்பை உருவாக்கியவர் வரையறுத்திருக்கிறார் எனக் கொள்க. மட்டாஞ்சேரிக்கு ஆறு எழுத்துகள்தாமே, தாராளமாக அடங்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அவ்வரையறை எழுத்தை எண்ணுவதில்லை, குறிகளை எண்ணுகிறது. பதினொன்றாம் குறியான விசிறி வெளியே நின்றுவிடும். படிவத்தில் பதிவாவது ‘மட்டாஞ்சேர’. தமிழ்ச்செல்வி என்னும் ஏழெழுத்துப் பெயருக்கோ பதின்மூன்று குறிகள். பன்னிரண்டே இடமெனில் அவள் ‘தமிழ்ச்செல்வ’ ஆகிவிடுவாள். பள்ளிப் படிவத்திலும் பயணச்சீட்டிலும் பெயர் இவ்வாறு முறிந்தால், திருத்துவதற்கு அலைபவர் அப்பெயருக்கு உரியவரே.

இதற்கும் தீர்வு வந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்டில் ‘செக்மென்டர்’ என்னும் கருவி உண்டு. அது மெய்யையும் துணைக்குறியையும் பிரிக்காமல் ஒரே எழுத்தாக எண்ணும். 2024 முதல் முதன்மையான உலாவிகள் அனைத்திலும் அது கிடைக்கிறது. அதனிடம் மட்டாஞ்சேரியைக் கொடுத்தால் ம, ட், டா, ஞ், சே, ரி என்று பிரித்து, ஆறு என்றே விடை தரும்.