புண்ணை ஆற்றும் வெற்றிடம்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

காற்றுக்கும் எடை உண்டு. கடல் மட்டத்தில் அதன் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசத்திற்குச் சமம். இதை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். அந்தப் பாடம் ஒரு நாள் என் தந்தையின் கால்மாட்டில் வந்து நிற்கும் என்று நான் எண்ணியதில்லை.

என் தந்தை விவசாயி. நீண்ட நாளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். சென்ற ஆண்டு வயலில் ஒரு கருவேல முள் அவர் பாதத்தில் ஏறியது. கால் மரத்துப் போயிருந்ததால் அவருக்கு வலியே தெரியவில்லை. மாலையில் அம்மாதான் இரத்தத்தைப் பார்த்தார். மஞ்சளை அரைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் சேற்றில் இறங்கினார் அப்பா. பத்தே நாளில் பாதம் வீங்கிச் சீழ் கட்டியது. மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அழுகிய சதையை வெட்டி நீக்கியபின் உள்ளங்கையளவு குழி ஒன்று எஞ்சியது. "முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம்" என்ற சொல்லும் எங்கள் காதில் விழுந்தது.

அப்போதுதான் 'வேக்' என்று மருத்துவமனையில் அழைக்கப்படும் எதிர்மறை அழுத்தச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அது என்ன?

நுண்துளைகள் நிறைந்த நுரைப்பஞ்சைப் புண்ணின் வடிவத்திற்கு வெட்டிக் குழிக்குள் வைக்கிறார்கள். அதன்மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாளைக் காற்றுப் புகாதபடி ஒட்டுகிறார்கள். தாளில் சிறு துளையிட்டுக் குழாய் பொருத்தி, அதை ஒரு சிறிய மோட்டாருடன் இணைக்கிறார்கள். மோட்டார் ஓடியதும் பஞ்சு வற்றல்போலச் சுருங்கி இறுகுகிறது. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட 125 மில்லிமீட்டர் குறைகிறது. 'உறிஞ்சுகிறது' என்று நாம் சொன்னாலும், உண்மையில் நடப்பது என்ன? உள்ளே அழுத்தம் குறைந்ததால் வெளிக்காற்று தாளை அழுத்துகிறது. உறிஞ்சுகுழலில் இளநீர் ஏறுவதும் இதே விதியால்தான்.

இதனால் விளையும் நன்மைகள் பல. புண்ணில் ஊறும் நீர் குழாய் வழியே டப்பாவில் சேர்கிறது. சுற்றியுள்ள வீக்கம் வடிகிறது. புண்ணின் விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. பஞ்சின் நுண்துளைகளில் இழுபடும் செல்கள் பெருகத் தூண்டப்படுகின்றன. புண்ணும் மூடிய நிலையில் ஈரமாகவே இருக்கிறது. "புண்ணைக் காற்றாட விடு" என்பது நம் வீட்டு வழக்கு. ஆனால், ஈரம் காக்கப்பட்ட புண்ணில் புதுத்தோல் விரைவாக வளர்கிறது என்பதை 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் செய்த ஆய்வில் காட்டினார்.

இச்சிகிச்சையைப் பரவலாக்கியவர்கள் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த அர்ஜென்டாவும் மோரிக்வாஸும். 1997-இல் வெளியான அவர்களது ஆய்வில், 125 மில்லிமீட்டர் குறைவழுத்தத்தில் பன்றிகளின் புண்ணருகே இரத்த ஓட்டம் நான்கு மடங்கானது. 400-க்குக் கொண்டுபோனபோதோ ஓட்டம் குன்றியது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதானே!

ஒரு நள்ளிரவில் அந்தப் பெட்டி கத்தத் தொடங்கியது. தாளின் ஓரம் பிரிந்து காற்றுப் புகுந்துவிட்டது. நான் பதறினேன். செவிலியர் வேறொரு துண்டை ஒட்டிச் சரிசெய்தார். "இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால் கட்டையே பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கிருமி பெருகும்" என்றார். அன்றிரவு முழுவதும் அந்த ஓரத்தைப் பார்த்தபடியே விழித்திருந்தேன்.

இது மந்திரமன்று. சர்க்கரை நோயால் பாதத்தின் ஒரு பகுதியை இழந்த 162 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. பதினாறு வாரங்களில் இம்முறையில் 56 விழுக்காட்டினரின் புண் மூடியது. சாதாரணக் கட்டில் 39 விழுக்காடு. கால் எலும்பு முறிந்து வெளியே தெரிந்த 460 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2018-இல் வெளியான ஆய்விலோ, ஓராண்டு முடிவில் இரு முறைகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அழுகிய சதை நீக்கப்படாத புண், புற்றுநோய்ப் புண், இரத்தக்குழாய் வெளியே தெரியும் புண் ஆகியவற்றில் இதைப் பயன்படுத்தலாகாது. இரத்தப்போக்கால் உயிரே போகக்கூடும்.

இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கட்டு மாற்றினார்கள். வெளிறிக் கிடந்த குழியில் மணிமணியாகச் சிவந்த புதுத்தசை எழுந்தது. ஐந்தாவது வாரம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கால் தப்பியது. நன்றி சொன்னபோது மருத்துவர், "மோட்டார் வழியைத்தான் சுத்தம் செய்தது. ஆற்றியது உங்கள் அப்பாவின் உடம்பு. இனிச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தாவிட்டால் எந்தப் பெட்டியும் உதவாது" என்றார்.

இப்போது அப்பா செருப்பின்றி வாசலுக்குக்கூட இறங்குவதில்லை. இரவு தோறும் விளக்கொளியில் அவர் பாதங்களை நான் பார்க்கிறேன். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் சர்க்கரை நோயாளி இருப்பாராயின், இன்றிரவே அவர் பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். வலிக்கிறதா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். என் தந்தைக்கும் வலிக்கவில்லை.