பூவேலைக்கு முன் புள்ளி

வாசல் நிலைக்கு மேல் பிஸ்மில்லாஹ் பலகை இல்லாத வீடு நம்மில் குறைவு. இப்போது பிள்ளைகள் அதைத் தாங்களே வரைகிறார்கள். கைப்பேசியில் பார்த்து, அட்டையிலும் தட்டிலும் ஓட்டிலும் வளைத்து வளைத்து எழுதுவதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலியாக இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு சுழியும் பொட்டும் வைத்துவிடுகிறார்கள். பயம் அங்கேதான்.

‘அர்ரஹீம்’ என்று எழுதி, அழகுக்காக ‘ஹா’வின் அடியில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். ‘ஹா’ ‘ஜீம்’ ஆகிவிடும். சொல் ‘அர்ரஜீம்’ ஆகிவிடும். விரட்டப்பட்ட ஷைத்தானுக்கு நாம் சொல்லும் சொல் அது. அல்லாஹ்வின் திருநாமம் எங்கே, இது எங்கே!

பழைய எழுத்தாளர்களுக்கு இந்த ஆபத்து தெரியும். ‘ஸுலுஸ்’ பாணியில் ‘ஹா’வின் அடியில் இன்னொரு குட்டி ‘ஹா’ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூவேலை என்று நாம் நினைப்போம். ‘இந்த எழுத்துக்குப் புள்ளி கிடையாது’ என்று வாசிப்பவருக்குச் சொல்லும் அடையாளம் அது. ‘ரா’, ‘ஸீன்’ மேல் பறவை சிறகு விரித்த மாதிரி நிற்கும் சிறு குறியும் அப்படித்தான். பிற்காலத்தில் இவை இடம் நிரப்பவும் பயன்பட்டன என்பது உண்மை. என்றாலும் பிறந்த காரணம் காவல்தான்.

அதனால் கற்கும் வரிசை முக்கியம். முதலில் புள்ளி. சாய்வாக வெட்டிய கலமை ஒருமுறை அழுத்தி இழுத்தால் விழும் சாய்சதுரம்தான் அளவுகோல். பக்தாதில் அமைச்சராக இருந்து 940-ல் மறைந்த இப்னு முக்லா எழுத்துகளுக்கு அளவு வகுத்தவர் என்று போற்றப்படுகிறார். ஸுலுஸில் அலிஃப் பொதுவாக 7 புள்ளி உயரம். நஸ்கில் 4 அல்லது 5. இந்த அளவு கைக்கு வந்த பிறகுதான் அலிஃபின் தலைக் கொக்கி, ‘நூன்’ வயிற்றின் வளைவு, இரண்டு எழுத்துக்கு நடுவே இழுக்கும் நீட்டல் எல்லாம். அந்த நீட்டலும் எழுத்து சேரும் இடத்தில்தான் வரும். நினைத்த இடத்தில் இழுக்க முடியாது.

இதைப் பிழைப்பாகவே செய்தவர்களைப் பார்க்க தூரம் போக வேண்டாம். சென்னை திருவல்லிக்கேணியில் 1927-ல் சையித் அஸ்மதுல்லாஹ் தொடங்கிய ‘முசல்மான்’ உருது நாளிதழை, கணினி வந்த பிறகும் காதிபுகள் கையாலேயே எழுதினார்கள். பெண்களும் அதில் உண்டு. அந்த நஸ்தஃலீக் எழுத்தில் கொடியும் பூவும் கிடையாது. சரிந்து இறங்கும் கோடும் கிண்ணம் போன்ற வளைவும்தான் அழகு.

கலம் கிடைக்காவிட்டால் இரண்டு பென்சிலைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். இரட்டைக் கோடு விழும். எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று பிள்ளைக்குத் தானே புரியும். பிறகு மூங்கிலைச் சீவி, நுனியைச் சாய்வாக வெட்டிக்கொள்ளலாம். மைக்கூட்டில் கொஞ்சம் பட்டுநூல் போட்டால் கலம் அளவாக மை எடுக்கும். ஒரே எழுத்தை ஒரு பக்கம் முழுக்க எழுத வேண்டும். சலிப்புதான், வேறு வழியில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. காகிதம் போனால் போகட்டும் என்று விடலாம், பீங்கான் அப்படியல்ல. ஒருமுறை சுட்டு, கிளேஸ் பூசாத ஓடு வண்ணத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும். துடைத்தாலும் கறை நிற்கும். கிளேஸ் போட்டு மறுபடி சூளைக்குப் போனால் அந்தப் பொட்டு ஓடு உள்ளவரை இருக்கும். ஆகவே முதலில் காகிதத்தில் முழு அளவில் எழுதி, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கொடுத்து வாய்விட்டு ஓதச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தில் ஒரு சுழியை எடுத்துவிடுங்கள்.