அழிக்க வேண்டிய ஏடுகள்

வைகையின் தென்கரையில், மேலக்கால் சாலையை ஒட்டிய கோச்சடையில், கோவில் திருவிழாக் கூட்டத்தில் மூண்ட அடிதடியொன்றில், பெரியவர்களோடு சேர்ந்து பதினேழு பிராயத்துப் பையன் ஒருவனும் அகப்பட்டுக்கொண்டான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இளைஞர் நீதிக் குழுமம் அவனை விசாரித்து, தகப்பனாரிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வீட்டிலேயே இருக்கும்படி அனுப்பிவிடுகிறது. சட்டம் இதற்கு வகுத்த உச்சவரம்பு 3 ஆண்டுகள். பையன் வேலைக்குப் போகிறானா, பழைய சகவாசம் விட்டதா என்று தாயாரிடம் விசாரித்து அறிக்கை எழுதிவந்த அலுவலரின் வருகையும் ஒருநாள் நின்றுபோகிறது. காகிதங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இந்தக் காகிதங்களை மறக்கவில்லை. தண்டனை பெற்றவர்களுக்கு நேரும் தகுதியிழப்பு சிறாருக்கு நேராதென்றும், உரிய காலம் கழிந்ததும் ஏடுகளை அழித்துவிடும்படி குழுமமே போலீசாருக்கு உத்தரவிட வேண்டுமென்றும் அதன் 24-ஆவது பிரிவு விதிக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இளைஞனே மனுப்போட்டு வேண்டி நிற்க, நம் சட்டம் அக்கடமையைக் குழுமத்தின் தலையிலேயே ஏற்றியிருக்கிறது. 1920-லேயே குழந்தைகள் சட்டம் இயற்றி நாட்டுக்கு வழிகாட்டிய மாகாணம் சென்னை என்பதில் நமக்குச் சற்றுக் கர்வமும் தகும். பதினாறு வயது நிறைந்தபின் கொடுங்குற்றம் புரிந்ததாகக் குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவர்களைப் போல் விசாரிக்கப்பட்டுக் குற்றம் நிரூபணமானவர்களுக்கு மாத்திரம் இச்சலுகை கிடையாது.

சங்கடம் காலக்கெடுவில் இருக்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரையிலோ 7 ஆண்டுகளோ வைத்திருக்கலாம், அதற்குமேல் கூடாது என்கின்றன 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள். பதினெட்டில் உத்தரவு பெற்றவனுக்கு அந்த ஏழாண்டும் கழிவதற்குள் இருபத்தைந்தாகிவிடும். கான்ஸ்டபிள் வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் விண்ணப்பம் போட்டு அலைகிற பருவம் முழுவதும் அதற்குள் அடங்கிப்போகிறது. முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறெதற்காகவோ போலீசார் வெளியிடலாகாது என்று 74-ஆவது பிரிவு தடுப்பது வாஸ்தவம். ஆனால், சிறாரின் அடையாளத்தை அச்சிட்ட பத்திரிகைக்காரருக்கு 6 மாதச் சிறையும் 2 லட்ச ரூபாய் அபராதமும் வரை போகலாமென்று சொல்லும் அதே பிரிவு, வெரிஃபிகேஷன் தாளில் பழைய வழக்கைக் குறித்தனுப்பும் ஏட்டையாவுக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. இது சட்டத்தின் பெருங்குறை என்பதே என் அபிப்பிராயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறு குற்றங்களில் சிறார் மீது முதல் தகவல் அறிக்கை பதியக்கூடாதென்பது விதி; பெரியவர்களும் சேர்ந்த வழக்கென்றால் பதிவாகிவிடும். பையனின் ஏடு அழிந்தாலும், மற்றவர்களின் வழக்குக் கட்டில் அவன் பெயர் தங்கியிருக்க இடமுண்டு. ஆகையால், கெடு முடிந்ததும் இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலைப் பெற்றுப் பத்திரப்படுத்தி, அதில் 24-ஆவது பிரிவின்படியான கட்டளை இருக்கிறதா என்று வரிவரியாகப் படித்துப் பார்ப்பதும், இல்லையென்றால் மதுரை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி, வக்கீல் மூலம் குழுமத்தில் கேட்டு வாங்குவதும் பெற்றோர் செய்ய வேண்டிய காரியம். அதையும் மீறி வேலை பறிபோனால், 2004 முதல் உயர் நீதிமன்றத்தின் கிளை மதுரையிலேயே நடக்கிறது. ரிட் மனுவுக்குச் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை.