வாயைக் கட்டிப் பிள்ளை வளர்க்கும் மீன்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல எங்களிடம் இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடி, அராலியில் கடலேரியோடு கலந்துவிடும். கடந்த மாரியில் அதன் கரையோரக் கிராமமொன்றில் மாதர் குழுக் கூட்டம் முடித்துத் திரும்பும்போது, அக்கா ஒருவர் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"யப்பான் மீனோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. சேத்து மணம் எண்டு சனம் முகம் சுழிக்கும். 95இல இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனநேரம் இரணைமடு மீன்தான் என்ர மூண்டு பிள்ளையளுக்கும் கறி. உப்பும் புளியும் போட்டு உரஞ்சிக் கழுவினா மணம் போயிடும்."

1996இல் ஊர் திரும்பியபின் காணாமற்போன கணவரை அவர் இன்னும் தேடுகிறார்.

யப்பான் மீன் என்று நாம் அழைக்கும் திலாப்பியாவின் தாயகம் யப்பான் அல்ல. மொசாம்பிக் முதலான தென்கிழக்கு ஆபிரிக்க நாடுகளின் ஆறுகளே அதன் பிறப்பிடம். இலங்கைக் குளங்களுக்கு 1952இல் கொண்டுவரப்பட்டது. நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும். 100 கிராம் சதையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு.

ஆண் மீன் அடிமண்ணில் குழி பறிக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். அதன்பின் பொறுப்பு முழுவதும் தாய்க்கே. குஞ்சுகள் தனியே நீந்தும்வரை ஏறக்குறைய மூன்று வாரம் அது அநேகமாக இரையெடுப்பதில்லை. வெளியே வந்த குஞ்சுகளும் ஆபத்தென்றால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும்.

இதைச் சொன்னதும் அக்கா சிரித்தார். "அதுவும் எங்களைப் போல வாயைக் கட்டித்தான் பிள்ளை வளர்க்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைய கூட்டத்தில் தலைச்சுற்று, களைப்பு என்று சொன்னவர்கள் பலர். "உங்களுக்கு எத்தனை துண்டு அக்கா?" என்றேன். "குழம்பு காணும். துண்டு பேரப்பிள்ளையளுக்கு."

சகோதரிகளே, அந்தத் தாய்மீன் பட்டினி கிடப்பது மூன்று வாரந்தான். குஞ்சுகள் பிரிந்ததும் அது மீண்டும் இரை தேடிப் போகிறது. நாமோ பிள்ளைகள் வளர்ந்து, பேரப்பிள்ளைகள் வந்த பின்னரும் கடைசியாகவே சட்டியை வழிக்கிறோம். தாய் விழுந்தால் அந்த வீட்டைத் தாங்க யார் இருக்கிறார்கள்?

அடுத்த முறை மீன் வெட்டும்போது உங்களுக்கும் ஒரு துண்டு எண்ணி வையுங்கள். தலைச்சுற்று விடாதிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சோதியுங்கள்.

அன்று நான் புறப்படுமுன் அக்கா ஒரு துண்டைத் தனிக் கோப்பையில் எடுத்து வைத்தார். "இது எனக்கு" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.