நடுவில் நிற்கும் குழந்தை



கப்பர்நாகூமுக்கு வரும் வழியில் சீடர்கள் வாதாடிக்கொண்டே வந்தார்கள். தங்களுள் பெரியவர் யார் என்பதே வாதம். வீட்டுக்குள் வந்ததும் இயேசு அதைப் பற்றிக் கேட்க, ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது அவர் ஒரு குழந்தையை அவர்கள் நடுவில் நிறுத்தி, அரவணைத்துக்கொண்டார் என்கிறார் மாற்கு நற்செய்தியாளர். அந்த அரவணைப்பு நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன் நடந்த வாதத்தை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அயல்நாட்டில் உள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றில் இறைப்பணி செய்யப் புறப்படும் இளையோர்க்கு இரண்டுமே நினைவிருக்க வேண்டும்.

மெக்சிகோ நாட்டின் குவெர்னவாக்கா நகரில் 1954-இல் நடந்ததைக் கேளுங்கள். கோவிலில் ஏழைகளுக்கான காணிக்கைப் பெட்டியைத் திருடிய சிறுவன் ஒருவன் பிடிபட்டான். அக்கோவிலின் பொறுப்பில் இருந்தவர் தந்தை வில்லியம் வாஸன். அமெரிக்காவில் பிறந்தவர், குருப்பட்டம் பெற்று அதிக காலம் ஆகவில்லை. பசிக்குத் திருடிய பிள்ளையைச் சிறைக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. நீதிபதியிடம் சென்று, அவனைத் தம் பொறுப்பில் விடும்படி கேட்டார். நீதிபதி அவனைக் கொடுத்தார். ஒரு வாரத்தில், வீடற்ற வேறு எட்டுச் சிறுவர்களையும் அனுப்பி வைத்தார்! ஒரு நல்ல காரியத்துக்குச் சரி என்று சொன்னால் அது அதோடு நிற்பதில்லை என்பது பங்குப்பணி செய்யும் எவருக்கும் தெரியும். அந்த ஆண்டு முடிவதற்குள் 32 சிறுவர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

'எங்கள் சின்னஞ்சிறு சகோதரர்கள்' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரோடு அந்த இல்லம் வளர்ந்தது. பின்னர் ஹொண்டுராஸ், ஹெய்ட்டி, குவாத்தமாலா, பெரு எனப் பல நாடுகளுக்கும் பரவியது. தந்தை வாஸன் சில காரியங்களில் பிடிவாதமாக இருந்தார். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என வரும் பிள்ளைகளைப் பிரிப்பதில்லை. வந்த பிள்ளையைத் தத்துக் கொடுப்பதில்லை. 'இங்கிருந்து என்னை யாரும் அனுப்பமாட்டார்கள்' என்று பிள்ளைக்கு உறுதியாகத் தெரிந்தால்தான் மற்ற எதுவும் அதன் மனதில் ஏறும் என்பது அவர் கண்டறிந்தது. இறுதி இராவுணவில் ஆண்டவரும் தம் சீடர்களைத் திக்கற்றவர்களாக விட்டுவிடப் போவதில்லை என்றுதான் வாக்களித்தார்.

இந்த இல்லங்களுக்கு அயல்நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் வருகிறார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு அல்ல. நீண்ட காலம் தங்க வேண்டும். மொழி கற்க வேண்டும். பாடம் சொல்லிக் கொடுப்பது, மருந்தகத்தில் உதவுவது, மாலையில் பிள்ளைகளோடு இருப்பது என்று வேலை சாதாரணமாகத்தான் இருக்கும்.

ஏன் இந்தக் கண்டிப்பு? தாயன்பு இழந்த குழந்தைகளைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1951-இலேயே ஓர் அறிக்கை எழுதினார். குழந்தை நிலையான ஒருவரோடு ஒட்டி வளர வேண்டும் என்பதே அதன் சாரம். அப்படியிருக்க, பத்து நாள் வந்து தூக்கிக் கொஞ்சி, படம் எடுத்து, கண்ணீரோடு கையசைத்துவிட்டுப் போகிறவர்கள் ஆண்டுக்கு எத்தனை பேர்! நமக்கு அது ஒரு பிரியாவிடை. அந்தப் பிள்ளைக்கோ அது எத்தனையாவது என்று யார் எண்ணினார்கள்? புதியவர் யாரைக் கண்டாலும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து நாம் மனம் நெகிழ்கிறோம். பல வேளைகளில் அது பாசம் அல்ல, காயம்.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய இல்லங்களில் வாழும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களைப் பிரித்தது. வறுமையை மட்டுமே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் அவை 2009-இல் வழிகாட்டுதல் வகுத்தது. பார்வையாளரின் காணிக்கைக்காகவே பிள்ளைகளைச் சேர்த்து வைக்கும் இல்லங்களும் உலகில் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிறிஸ்துவின் பெயர்ப்பலகை தொங்குவதால் மட்டும் ஓர் இல்லம் நல்ல இல்லம் ஆகிவிடாது.

ஆகவே, போக விரும்புகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியவை சில உண்டு. வீட்டாரைக் காணப் பிள்ளைகளுக்கு வழி உண்டா? திரும்பிப் போகக்கூடிய பிள்ளையை அனுப்பி வைக்கிறார்களா? நம்மிடம் காவல்துறைச் சான்றிதழ் கேட்டார்களா? கேட்காத இல்லத்துக்குப் போகவே வேண்டாம். நம்மைச் சோதிக்காதவர்கள் வேறு யாரையும் சோதித்திருக்கமாட்டார்கள். பிள்ளைகளின் படத்தை வெளியிட அனுமதி தாராளமாகக் கிடைக்கிறதா? கிடைத்தால் அதுவும் நல்ல அடையாளம் அல்ல. ஓராண்டு ஒதுக்க முடியாதவர்கள், பிள்ளைகளைப் பராமரிக்கும் உள்ளூர்ப் பெண்களின் ஊதியத்துக்கோ, வீட்டோடு இருக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ அந்தப் பயணச்சீட்டுப் பணத்தை அனுப்பலாம். அதில் நம் முகம் தெரியாது என்பது உண்மைதான்.

தந்தை வாஸன் 2006-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் தொடங்கிய இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள், இல்லத்துக்கே ஓராண்டு சேவை செய்யும் வழக்கம் உண்டு. சமையல் கட்டில், வயலில், சின்னப் பிள்ளைகளின் படுக்கையறையில் அவர்கள் வேலை செய்கிறார்கள். அயல்நாட்டிலிருந்து வரும் தன்னார்வலருக்கு அங்கே வேலை பழக்குகிறவர்களும் பல வேளைகளில் இவர்கள்தான்.