எட்டாவது பைட்டில் ஓர் எட்டு

ஹைதராபாத் சனத்நகர் தொழிற்பேட்டையில் எடுத்த படங்களையும் இயந்திர வரைபடங்களையும் 'சனத்நகர்' என்று தமிழில் பெயரிட்ட ஃபோல்டரில் போட்டு, ஜிப் ஆக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே திறக்கும்போது சில கணினிகளில் அந்தப் பெயரே இருக்காது. 'ச' இருக்க வேண்டிய இடத்தில் கிரேக்க ஆல்ஃபா, இரட்டைக் கோண மேற்கோள் குறி, தலையில் இரு புள்ளி வைத்த யு என்று மூன்று குறிகள் நிற்கும். பெயர் முழுக்க இப்படி 24 குறிகள். தெலுங்கில் பெயர் வைத்திருந்தால் ஆல்ஃபாவும் சாம்பல் கட்டமுமாக வரும். உள்ளே படங்களுக்கு ஒரு சேதமும் இருக்காது. பெயர் மட்டும் போயிருக்கும்.

ஜிப் வடிவத்தை 1989-இல் உருவாக்கியவர் ஃபில் காட்ஸ் என்ற அமெரிக்கர். ஜிப் கோப்பின் தொடக்கத்தில் இன்றும் இருக்கும் பி, கே என்ற இரண்டு எழுத்துகள் அவர் பெயரின் முதலெழுத்துகள்தாம். கோப்புப் பெயர்களுக்கு அன்றைய ஐபிஎம் கணினியின் 437 என்ற எழுத்து அட்டவணை போதும் என்று இருந்துவிட்டது. அதில் தமிழுக்கு இடமில்லை. யுனிகோடில் 'சனத்நகர்' 8 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். பழைய அட்டவணையை நம்பும் மென்பொருள் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக வாசித்தால், கிடைப்பது அந்த 24 குறிகள்.

2006-இல் இதற்குத் தீர்வு வந்தது. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் உள்ள 16 குறிப்பு பிட்டுகளில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 11-ஆவதை ஏற்றிவிட்டால் 'இந்தப் பெயர் யுடிஎஃப்-8' என்று பொருள். ஹெக்ஸ் எடிட்டரில் சாதாரண ஜிப் ஒன்றைத் திறந்து பாருங்கள். தமிழ்ப் பெயருள்ள கோப்பு முதலாவதாக இருந்து, ஒன்றிலிருந்து எண்ணினால் வரும் 8-ஆவது பைட்டில் 8 என்ற எண்ணும் இருந்தால், பெயர் முறைப்படி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மொழியின் பெயர்கள் பிழைப்பது இந்த ஒற்றை பிட்டில்தான் இருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

வேர்ட் ஆவணம், ஆண்ட்ராய்டு செயலி இரண்டும் உள்ளுக்குள் ஜிப்தான். ஆதார் ஆஃப்லைன் கேஒய்சியும் கடவுச்சொல் போட்ட ஜிப்பாகவே நம் கைக்கு வருகிறது. இவற்றைப் படிக்கவோ எழுதவோ சி மொழிப் புரோகிராமர் சுருக்கும் கணக்கைத் தானே எழுத வேண்டியதில்லை. எழுதவும் கூடாது என்பேன். டைட்டர் பாரன், தாமஸ் கிளாஸ்னர் இருவரும் எழுதிய லிப்ஜிப், ரிச் கெல்ட்ரைக்கின் மினிஸ் போன்ற சிறிய லைப்ரரிகள் இருக்கின்றன.

லிப்ஜிப்பில் வேலை எளிது. ஜிப்_ஓப்பன் கொண்டு திறந்து, ஜிப்_ஃபைல்_ஆட் கொண்டு சேர்த்து, ஜிப்_குளோஸ் கொண்டு மூடினால் முடிந்தது. சேர்க்கும்போது பெயர் யுடிஎஃப்-8 என்ற குறியையும் கொடுத்துவிட வேண்டும். தமிழ்ப் பெயருக்கு இதை ஒருபோதும் விடக்கூடாது. புதியவர்கள் சறுக்கும் இடம் வேறொன்று. சேர்த்தவுடன் எதுவும் டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை. எழுத்து வேலை முழுதும் ஜிப்_குளோஸ் வரும்போதுதான் நடக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்தை மெமரியில் வைத்துக் கொடுத்தவர், சேர்த்தாயிற்று என்று அந்த மெமரியை உடனே விடுவித்தால், மூடும் நேரத்தில் லைப்ரரி குப்பையைப் படிக்கும், அல்லது புரோகிராம் நின்றே போகும். டிஸ்க் நிறைந்திருப்பதும் அப்போதுதான் தெரியவரும். ஆகவே ஜிப்_குளோஸ் திருப்பித் தரும் விடையைப் பார்க்காமல் 'சேமித்தாயிற்று' என்று திரையில் காட்டுவது, பயன்படுத்துபவரிடம் பொய் சொல்வதற்குச் சமம்.

படிக்கும்போதும் கவனம் பெயர் மேலேயே இருக்கட்டும். உள்ளே இருக்கும் பெயரை லிப்ஜிப் நம்மிடம் தந்துவிடும். அதை டிஸ்க்கில் எங்கே எழுதுவது என்பது நம் பொறுப்பு. கெட்ட எண்ணத்தோடு செய்த ஜிப்பில் இரண்டு புள்ளியும் சாய்கோடும் மாறி மாறி வரும் பெயர் இருக்கலாம். அதை அப்படியே ஏற்றால், நாம் குறித்த ஃபோல்டரை விட்டு மேலே ஏறி வேறு கோப்பின் மீது எழுதிவிடும். 2018-இல் இந்த ஓட்டை பல மொழிகளின் லைப்ரரிகளில் இருப்பதை ஸ்னீக் நிறுவனம் வெளியிட்டு, 'ஜிப் ஸ்லிப்' என்று பெயரும் வைத்தது. சாய்கோட்டில் தொடங்கும் பெயர், பாதையின் ஒரு படியாக இரண்டு புள்ளி வரும் பெயர், விண்டோஸில் என்றால் பின்சாய்கோடோ டிரைவ் எழுத்தோ உள்ள பெயர் ஆகியவற்றை எடுக்காமல் விட்டுவிட்டு, ஏன் விட்டோம் என்பதைப் பயனரிடம் தமிழிலேயே சொல்லிவிடலாம்.